அழிந்த தேதிகளை மீட்கலாம்!

தினசரிக் காலண்டரில் தேதியைக் கிழித்துப் போட்ட பிறகு, "ஐயோ, அந்தத் தாளின் பின்னால்தானே பால் கணக்கு எழுதியிருந்தேன்!" என்று குப்பைக் கூடையைக் கிளறாத இல்லத்தரசி உண்டா? கூடையில் இருக்கும் வரை தாள் கிடைத்துவிடும். கூடையைத் தெருத் தொட்டியில் கொட்டிவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அங்கே தேட வேண்டும். குப்பை வண்டி வந்து அள்ளிப் போய்விட்டால் அவ்வளவுதான்!

கம்ப்யூட்டர் காலண்டரிலும் இதே கதைதான் சகோதரிகளே. இப்போது பல வீடுகளில் குழந்தையின் ஊசி தேதி முதல் இன்ஷூரன்ஸ் கட்டும் நாள் வரை எல்லாம் அதில்தான் குறித்து வைக்கப்படுகின்றன. கை தவறி அழிந்துவிட்டால் "போச்சு, போச்சு" என்று பதறுகிறோம். உண்மையில் அது உடனே போய்விடுவதில்லை. முதலில் கூடைக்கு, பிறகு தெருத் தொட்டிக்கு, அதன் பிறகுதான் வண்டிக்கு. வண்டி வருவதற்குள் நாம் போய்விட வேண்டும். அதுதான் சூட்சுமம்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் தங்கை மகள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். அவள் வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் வேலை பார்க்கிறாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவுட்லுக் என்ற கடிதம் பார்க்கும் செயலி. அதிலேயே காலண்டரும் உண்டு. வீட்டுத் தேதிகளையும் அதில் ஏற்றி வைத்திருந்தாள். ஒருநாள் அவற்றைப் பட்டியலாக அச்செடுக்க எண்ணி, எல்லாவற்றையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாள். மடியில் ஒன்றரை வயதுப் பிள்ளை. அது சும்மா இருக்குமா? பட்டென்று ஒரு விசையைத் தட்டியிருக்கிறது. அது 'டிலீட்' விசை! அதே நேரம் குக்கர் கூவ, அவள் எழுந்து போய்விட்டாள். வாரக் கடைசியில் வழக்கம்போல் கூடையையும் காலி செய்துவிட்டாள்.

திங்கட்கிழமை போன் வந்தது. "பெரியம்மா, எல்லாம் போச்சு! குழந்தையோட பூஸ்டர் ஊசி, அத்தையோட கண் ஆஸ்பத்திரி, மாமாவோட திதி... ஒண்ணுகூட இல்லை!"

"அழாதே. எதையும் தொடாதே. நான் வர்றேன்" என்று சொல்லி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போனேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் கைதேர்ந்த என் மகனைப் போனில் வைத்துக்கொண்டு அவன் சொல்லச் சொல்ல இருவருமாகச் செய்தோம். அந்த முறையைத்தான் இங்கே தருகிறேன்.

முதல் படி: உடனே செய்வது

அழிந்ததைக் கண்ட மறுநொடியே கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி 'இசட்' எழுத்தைத் தட்டுங்கள். கடைசியாகச் செய்த காரியம் திரும்பிவிடும். நடுவில் வேறு வேலை எதுவும் செய்திருக்கக்கூடாது.

இரண்டாம் படி: கூடை

அவுட்லுக்கில் அழிந்த தேதி, 'டிலீடட் ஐட்டம்ஸ்' என்ற பெட்டிக்குப் போகிறது. காலண்டர் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் இது கண்ணில் படாது. கடிதங்களின் பக்கத்துக்கு வந்து அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும். பழைய கடிதங்களோடு கலந்து கிடக்கும். கடிதத்துக்கு உறைப் படம், தேதிக்குச் சின்னக் காலண்டர் படம். அதை வைத்து அடையாளம் கண்டு, வலது பக்கம் சொடுக்கி, 'மூவ்' என்பதில் காலண்டரைக் காட்டினால் பழைய இடத்துக்குப் போய்விடும்.

மூன்றாம் படி: தெருத் தொட்டி

கூடையும் காலியா? கவலை வேண்டாம். மேலே 'ஃபோல்டர்' என்ற பகுதியில் 'ரிகவர் டிலீடட் ஐட்டம்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் கூடையிலிருந்தும் போனவை வரிசையாகத் தெரியும். அழித்த நாள் வாரியாக அடுக்கிப் பார்த்தால் தேடுவது சுலபம். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து 'ரீஸ்டோர்' என்பதைத் தேர்ந்து ஓ.கே. கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே 'பர்ஜ்' என்று ஒரு வார்த்தை இருக்கும். அதைத் தொட்டால் நிரந்தரமாகப் போய்விடும், ஜாக்கிரதை! மீண்டவை காலண்டரில் தெரியாவிட்டால் கூடைக்குத் திரும்பியிருக்கும். அங்கிருந்து முன் சொன்னபடி நகர்த்திக்கொள்ளலாம்.

என் தங்கை மகளுக்கு இந்த மூன்றாம் படியில்தான் கிடைத்தது. இருபத்து மூன்று தேதிகள்! ஒவ்வொன்றாகக் காலண்டரில் வந்து உட்கார, அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

வண்டி எப்போது வரும்?

மைக்ரோசாஃப்ட் வழி நடக்கும் ஆபீஸ் கணக்குகளில், கூடையிலிருந்து போன பொருளை வழக்கமாக 14 நாள் வைத்திருப்பார்கள். ஆபீஸ் விரும்பினால் 30 நாள் வரை நீட்டலாம். இலவச அவுட்லுக் கணக்கானால் 30 நாள் வரை மீட்கலாம். கூகுள் காலண்டருக்கும் 30 நாள்தான். அதைக் கம்ப்யூட்டரில் திறந்து, பல்சக்கரப் படத்தைத் தொட்டால் குப்பைத் தொட்டி என்று ஒரு பக்கம் தெரியும். அங்கிருந்து மீட்கலாம்.

தண்டர்பேர்ட் போன்ற செயலிகளில், நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் காலண்டர் என்றால் கூடையே கிடையாது. செயலியை மூடுவதற்குள் 'இசட்' வைத்தியம் செய்தால் உண்டு. அதனால் இப்படி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை 'எக்ஸ்போர்ட்' என்பதன் மூலம் ஒரு நகல் எடுத்துப் பென்டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது.

"போனிலும் இருக்குமே" என்று சிலர் நினைக்கலாம். போனும் கம்ப்யூட்டரும் இணைந்திருந்தால் இங்கே அழிந்தது அங்கேயும் அழியும். ஆனால் அழிந்ததை உடனே கவனித்துவிட்டால் போனில் இன்டர்நெட்டை அணைத்துவிடுங்கள். அதில் இன்னும் தெரிகிற தேதிகளைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளலாம்.

திரும்ப எழுதிக்கொண்டால் ஆகாதா?

பிறந்த நாள் என்றால் எழுதிக்கொள்ளலாம். திதி அப்படியா? தமிழ் மாதமும் திதியும் கூடி வருகிற நாள் இங்கிலீஷ் தேதிக்குள் அடங்காது. பஞ்சாங்கம் பார்த்து ஆண்டுதோறும் புதிதாகக் குறிக்க வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மார்கழியில் வரும் வைகுண்ட ஏகாதசி, பத்தொன்பது ஆண்டுக்கொருமுறை வரும் முறைப்படி ரெங்கநாதர் கோயிலில் கார்த்திகையிலேயே, 2021 டிசம்பர் 14 அன்று நடந்தது. திருமலையில் 2022 ஜனவரி 13. ஒரு மாத வித்தியாசம்! ஞாபகத்தை நம்பியா இதையெல்லாம் எழுதுவது?

குழந்தையின் ஊசி தேதி அதைவிட முக்கியம். நம் நாட்டு அட்டவணைப்படி ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசி. பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் அதன் இரண்டாவது ஊசியும் முத்தடுப்பு பூஸ்டரும். அதனால் காலண்டரில் தேதியை மீட்ட பிறகும் ஆஸ்பத்திரியில் கொடுத்த தடுப்பூசி அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அட்டைதான் மூலம், கம்ப்யூட்டர் அதன் நகல். அப்படியே ஒரு ஊசி தவறிப் போயிருந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தமிழ்நாட்டு அரசு சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதோறும் ஊசி போடுகிறார்கள். தாமதிக்காமல் அட்டையுடன் போய்க் கேளுங்கள்.

இனி இப்படிச் செய்யலாமே

* முக்கியமான தேதிகளை ஆபீஸ் காலண்டரில் மட்டும் வைக்காதீர்கள். வேலை மாறினால் அந்தக் கணக்கே நம் கையைவிட்டுப் போய்விடும்.

* ஆண்டுதோறும் வரும் தேதி ஒன்றை அழிக்கும்போது, "இந்த ஒன்று மட்டுமா, தொடர் முழுவதுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும். படித்துப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

* கூடையைக் காலி செய்யுமுன் ஒரு நிமிடம் கண்ணோட்டம் விடுங்கள். அரிசியில் கல் பொறுக்குகிற கண் நமக்கு!

* மாதம் பிறந்ததும் அந்த மாதத் தேதிகளை அடுக்களைச் சுவரில் தொங்கும் காலண்டரில் பேனாவால் எழுதிவிடுங்கள். கரண்ட் போனாலும் அது தெரியும்.

* குழந்தை மடியில் இருக்கும்போது கம்ப்யூட்டர் வேண்டாம். அது குழந்தைக்கும் நல்லது, தேதிகளுக்கும் நல்லது!

அழிந்தது என்று தெரிந்ததும் கன்னத்தில் கை வைத்து உட்காராமல் முதலில் நாளை எண்ணுங்கள். பதினாலுக்குள் என்றால் தைரியமாகத் தேடுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.