ஒரே ஓர் எண், சர்வர் சாய்ந்தது

18446744073709551615. இந்த எண்ணைச் சேர்த்து ஒரு சின்னக் கோரிக்கை அனுப்பினால் போதும், 2015 ஏப்ரலில் விண்டோஸில் ஓடிய இணைய சர்வரை எங்கிருந்தும் படுக்கவைக்க முடிந்தது. பாஸ்வேர்ட் தேவைப்படவில்லை.

பழுது இருந்த இடம் 'எச்டிடிபி.சிஸ்' என்ற டிரைவர். இணையதளத்துக்கு வரும் கோரிக்கைகளை முதலில் வாங்கிப் பார்ப்பது இதுதான். வேகத்துக்காக இதை இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள்ளேயே வைத்திருக்கிறது மைக்ரோசாஃப்ட். சாதாரண மென்பொருள் தடுமாறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கர்னலில் ஓடும் டிரைவர் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டாலோ, நீலத்திரை வந்து மொத்த இயந்திரமும் நின்றுவிடும்.

பெரிய கோப்பு இறங்கும்போது பாதியில் அறுந்தால், 'இத்தனையாவது பைட்டிலிருந்து இத்தனையாவது வரை' என்று மிச்சத்தை மட்டும் கேட்டு வாங்கலாம். தாக்குபவர் தொடக்கம் 18, முடிவு அந்த இருபது இலக்க எண் என்று கேட்பார். டிரைவர் நீளத்தைக் கணக்கிட்டு, அதோடு 18-ஐக் கூட்டி, கோப்பின் அளவைத் தாண்டுகிறதா என்று பார்க்கும். 64 பிட்டில் அடங்கும் ஆகப்பெரிய எண் அந்த இருபது இலக்க எண்தான். கூட்டல் அதையும் ஒன்று தாண்டியதால், பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு மறுபடி தொடங்குவதுபோல, விடை பூஜ்யமாகிவிட்டது. பூஜ்யம் கோப்பின் அளவுக்குள்தானே இருக்கிறது! சோதனையைத் தாண்டிய கோரிக்கை, கோப்புக்கு அப்பாலுள்ள நினைவகத்தைப் படிக்க வைத்து டிரைவரைக் கவிழ்த்தது.

தொடக்கத்தை 0 என்று கொடுத்தால் சர்வர் விழாது, பிழைச்செய்தி மட்டும் வரும். தங்கள் சர்வரில் பழுது இருக்கிறதா என்று நிர்வாகிகள் பார்த்துக்கொண்டதும் இப்படித்தான்.

விண்டோஸ் 7, 8, 8.1, சர்வர் 2008 ஆர்2, 2012, 2012 ஆர்2 எல்லாவற்றிலும் இந்த ஓட்டை இருந்தது. ஏப்ரல் 14 அன்று திருத்தம் வந்தது. பழைய டிரைவரையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஓட்டை எங்கே என்று உடனே புரிந்துவிட்டது. ஓரிரு நாளில் தாக்குதல் நிரல்கள் பரவின.

அயலார் நிரலை ஓட்டவும் வழிசெய்யக்கூடிய ஓட்டை என்று இதை மிக ஆபத்தான வகையில் சேர்த்தது மைக்ரோசாஃப்ட். ஆனால் நடைமுறையில் கண்டது பெரும்பாலும் முடக்கம்தான். 'தரவு திருடு போகவில்லையே' என்று அதை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. மருத்துவமனைப் பதிவோ வங்கிச் சேவையோ அந்த சர்வரில் ஓடினால், நின்றுபோவதே பெரிய சேதம். உடனே திருத்த முடியாதவர்களுக்கு, மைக்ரோசாஃப்டின் இணைய சர்வர் மென்பொருளான ஐஐஎஸ்ஸில் கர்னல் கேச்சிங்கை அணைக்கும் தற்காலிக வழி இருந்தது, வேகம் குறையும் என்றாலும்.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களே, கர்னல் டிரைவருக்கு வரும் திருத்தத்தை மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். முதலில் அதைப் போடுங்கள்.