நிலவின் ஈர்ப்பு

நிலவின் நிறை, புவியின் நிறையில் ஏறத்தாழ 81இல் ஒரு பங்கே. ஆயினும், நிலவுத் தரையில் உணரப்படும் ஈர்ப்பு, புவியீர்ப்பில் ஆறில் ஒரு பங்காக உள்ளது. இவ்வேறுபாடு ஏன்? ஈர்ப்பு, நிறையை மட்டுமன்றி மையத்திலிருந்து உள்ள தொலைவையும் பொறுத்தது. தொலைவு பாதியானால் ஈர்ப்பு நான்கு மடங்காகும். நிலவின் ஆரம் புவியின் ஆரத்தில் கால் பங்கைவிடச் சற்றே மிகுதி. ஆகவே, நிலவில் நிற்பவர் அதன் மையத்திற்கு மிக அருகில் நிற்கிறார். இந்நெருக்கம் நிறைக்குறைவை ஓரளவு ஈடுசெய்கிறது.

புவியில் 60 கிலோகிராம் காட்டும் சுருள்வில் தராசு, நிலவில் 10 கிலோகிராமே காட்டும். குறைவது எடையே, உடலின் நிறை மாறுவதில்லை. எனவே, அங்கு எளிதில் துள்ளலாம். விரைந்து செல்பவர் உடனே நிற்றல் அரிது. 1969இல் நிலவில் நடந்த ஆல்ட்ரின், உடலை நிலைப்படுத்த இரண்டு மூன்று அடிகள் தேவைப்பட்டதை அங்கிருந்தே தெரிவித்தார்.