தப்பும் கரும்பலகையும்

விடுமுறையில் ஆசிரியர்க்குக் கலைப்பயிற்சி எதற்கென நகைப்போர் உளர். கலையைப் பாடத்தோடு இணைக்க ஆசிரியரைப் பயிற்றும் நிலையமொன்று புதுதில்லியில் 1979இலேயே நிறுவப்பெற்றது. நமக்கு அண்மையிலோ, 1962இல் பேராதனை மாணவரைக் கொண்டு சு. வித்தியானந்தன் அவர்கள் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். படித்தோர் கூத்தை மதிக்கத் தொடங்கினர்.

ஹுன்னஸ்கிரியத் தோட்டப் பிள்ளைக்குக் காமன் கூத்தின் தப்படி தெரியும், பின்னம் விளங்காது. நான்கடித் தாளத்தில் ஓரடியை மட்டும் அவனைத் தட்டச்செய்தால் காற்பங்கு செவிவழியே புகும். தீயிற் காய்ச்சிய தோல் இறுகி ஒலி உயர்வதில் பௌதிகமும் உண்டு. ஆனால் தப்பைத் தொடக் கூசும் ஆசிரியர் இன்னும் உளர். நாமும் ஒருகாலத்திற் கூசியவரே. அக்கூச்சத்தைப் பிள்ளை கண்டுகொள்கிறான். தப்படிக்கும் தோட்டத்துப் பெரியவர் ஒருவரையே இவ்விடுமுறைப் பயிற்சிக்கு ஆசானாக அழைத்து, நாம் கீழே அமர்ந்து கற்கலாம்.