கூடி வாழ்ந்த குடிகள் – 9: டால்ஸ்டாய் பண்ணை

ஊரோடு ஒத்து வாழும் வாழ்வை உதறிவிட்டு, வேறொரு விதமாக வாழ்ந்து பார்ப்போம் என்று நாட்டுப்புறத்தை நாடிப் போன கூட்டத்தாருள், இத்தொடரில் இதுவரை நாம் கண்டவர்கள் யாவரும் ஏதேனுமொரு சித்தாந்தத்தின் வசப்பட்டுத் தம் விருப்பத்தாலேயே அவ்வாழ்வை மேற்கொண்டவர்கள். பிரம்மசரியத்தை விரதமாகப் பூண்ட அமெரிக்க ஷேக்கர்களும், ஆயுதம் ஏந்த மறுத்து ருஷ்யாவைத் துறந்து கனடாவின் புல்வெளிகளிற் குடியேறிய டூகோபார்களும் அத்தகையோரே. இந்த வாரம் நாம் காணப்போகும் பண்ணையின் கதை வேறு. அதைத் தோற்றுவித்த இருவருக்குச் சித்தாந்தம் இருந்தது என்பது மெய்தான்; ஆனால் அங்கே வந்து சேர்ந்தவர்களிற் பெரும்பாலோர் எந்தச் சாஸ்திரத்தையும் படித்துத் தெளிந்து வந்தவர்களல்லர். குடும்பத் தலைவன் சிறையிலிருக்க, மாத வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் வகையறியாது நின்ற குடும்பங்கள் அவை. அவற்றுள் தமிழ்க் குடும்பங்கள் பல.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பிரதேசத்தில் இந்தியர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துப் பதிவுச் சீட்டுப் பெறவேண்டும் என்று 1907-இல் சட்டம் பிறந்ததும், அதனை எதிர்த்துக் காந்தியடிகள் தலைமையில் எழுந்த சத்தியாக்கிரகத்தில், பணம் படைத்த வர்த்தகர்கள் நாளடைவிற் சோர்ந்து ஒதுங்கினார்கள். மோரீஷஸில் பிறந்த தம்பி நாயுடுவைப் போன்ற தமிழரும், கூடை சுமந்து காய்கறியும் பழமும் விற்ற எளியோரும், சிறைக்குப் போவதும் விடுதலையாவதும் மறுபடி சிறைக்குப் போவதுமாக இருந்தனர். உரிமைச் சீட்டின்றித் தெருவில் பழம் விற்பதே சிறை புகுவதற்குப் போதுமானதாயிருந்தது. சிறை சென்றவரின் வீட்டுக்கு மாதந்தோறும் இயக்கத்தின் நிதியிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது. போராட்டமோ முடிகிற வழியாக இல்லை. தேவைக்கேற்பக் கொடுப்பதென்றால் தேவை எது என்று அளப்பது யார்? அக்குடும்பங்கள் யாவும் ஓரிடத்திற் கூடி உழைத்து உண்ணுமானால் செலவும் சுருங்கும், சச்சரவும் குறையும் என்று காந்தியடிகள் கருதினார்.

அந்த இடத்தைக் கொடுத்தவர் ஹெர்மன் காலன்பாக். லிதுவேனியாவில் 1871-இல் யூதக் குடும்பத்திற் பிறந்து, ஜெர்மனியிற் கட்டடக்கலை பயின்று, ஜோஹான்னஸ்பர்க்கில் பெரும் பொருள் ஈட்டியவர் அவர். வீட்டு வாடகை நீங்கலாகத் தன்னொருவனுக்கு மட்டும் மாதம் 1,200 ரூபாய் செலவிட்டு வந்த அந்தப் பிரம்மச்சாரி, காந்தியடிகளின் சகவாசத்தால் அதனை 120 ரூபாயாகக் குறைத்துக்கொண்டார் என்றால், அவர் மனம் எத்திசையிற் சென்றதென்பதை ஊகிக்கலாம். நகரத்திலிருந்து 21 மைல் தொலைவில், லாலி என்னும் சிறு ரெயில் நிலையத்துக்கு அருகே 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, போராட்டம் நடக்குமளவும் வாடகையின்றிச் சத்தியாக்கிரகிகள் அதனை அனுபவிக்கலாம் என்று 1910 மே மாதம் 30-ஆம் தேதி அவர் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆரஞ்சும் ஆப்ரிகாட்டும் பிளம்மும் காய்த்துக் குலுங்கும் மரங்கள் ஏறக்குறைய ஆயிரம், இரண்டு கிணறுகள், ஓர் ஊற்று, குன்றின் அடிவாரத்தில் ஐந்தாறு பேர் தங்கக்கூடிய ஒரு சிறு வீடு: அவ்வளவே அன்று அங்கிருந்தவை. அதற்கு இடப்பட்ட பெயர், ருஷ்ய நாட்டிலே தம் அந்திமக் காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த டால்ஸ்டாய்க்கு உரியது. இந்தியர் ஒருவருக்கு 1908-இல் அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் நம் திருக்குறளினின்றும் மேற்கோள் காட்டியிருந்தார் என்பதும், அக்கடிதத்தைக் காந்தியடிகள் அச்சிட்டுப் பரப்பினார் என்பதும் தமிழர் மறக்கத்தகாத செய்திகள். பண்ணை தோன்றிய அவ்வாண்டு நவம்பரிலேயே டால்ஸ்டாய் காலமாகிவிட்டார்.

குடியேறியோர் நாற்பது இளைஞர்கள், இரண்டு மூன்று முதியவர்கள், ஐந்து பெண்கள், இருபது முப்பது சிறுவர் சிறுமியர். குஜராத்தியரும் தமிழரும் ஆந்திரரும் வட இந்தியரும், இந்துக்களும் முஸ்லிம்களும் பார்ஸிகளும் கிறிஸ்தவர்களுமாய்க் கலந்திருந்த அந்தக் கூட்டத்தில் முதற் கேள்வி அடுப்பைப் பற்றியே எழுந்தது. அடுப்பு ஒன்றா, பலவா? ஒன்றே என்றால் அதில் மாமிசம் வேகலாமா, கூடாதா? சிறு வயது முதல் புலால் உண்டு பழகியவர்களை, இல்லாமையால் வந்து ஒண்டிய வேளையிலே, அதனை விடச் சொல்வது தர்மமாகுமா என்று காந்தியடிகள் தமக்குள்ளேயே வாதித்தார். மாட்டிறைச்சியே வேண்டுமென்று ஒருவர் கேட்டாலும் அதனைத் தேடிக் கொடுப்பது தம் கடமை என்று முடிவும் செய்துகொண்டார். அந்த முடிவை மனத்தில் வைத்துக்கொண்டே, கணவனையோ மகனையோ சிறைக்கு அனுப்பிவிட்டு வந்திருந்த பெண்களிடம் முதலிற் சென்று, தனித்தனியே சமைப்பதற்கும் தடையில்லை என்று கூறி, பொது அடுப்பையும் மரக்கறி உணவையும் பற்றி அவர்கள் கருத்தைக் கேட்டார். அவர்கள் ஒரே அடுப்புக்கும், மாமிசம் இல்லாத சமையலுக்கும் மனமுவந்து சம்மதித்தார்கள். பண்ணையின் முதற் சட்டம் இவ்வாறு பெண்களின் வாயிலிருந்து பிறந்தது. இல்லையென்று சொல்ல இடங்கொடுத்துப் பெற்ற சம்மதமாகையால், அது கடைசிவரை நிலைத்தது.

இரண்டு மாதம் கூடாரங்களில் வசித்துக்கொண்டே தகரக் கொட்டகைகளை எழுப்பினார்கள். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று எனத் தனித்தனியே அமைந்தன. வேலைக்காரர் என்று எவரும் கிடையாது. சமையல் முதற்கொண்டு மலக்குழி வெட்டி மூடுவது வரையில் அனைத்தும் அவரவர் கையாலேயே. கழிவுகள் எல்லாம் மண்ணிற் புதைந்து எருவாயின. அத்தனை பேர் வாழ்ந்தும் ஈ மொய்க்கவில்லையென்று காந்தியடிகள் பெருமையோடு குறித்திருக்கிறார். குடியிருப்பிலிருந்து சுமார் 500 கஜத்துக்கு அப்பாலிருந்த ஊற்றிலிருந்து காவடி கட்டித் தண்ணீர் சுமந்தார்கள். புகையிலைக்கும் மதுவுக்கும் இடமில்லை. காலை 6 மணிக்கு ரொட்டியும், கோதுமையை வறுத்துப் பொடித்த காப்பியும், 11 மணிக்குச் சோறும் பருப்பும் காய்கறியும், மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது மறுபடி ரொட்டியும் காப்பியும், இரவு பிரார்த்தனை, ஒன்பது மணிக்கு உறக்கம். கோதுமையைத் தாமே இரும்புத் திரிகையில் அரைத்து ரொட்டி சுட்டார்கள். நிலக்கடலையை அரைத்து வெண்ணெயும், ஆரஞ்சுப் பழத்தினின்று மர்மலேடும் செய்தார்கள். காலன்பாக் நேட்டால் பிரதேசத்து மேரியன்ஹில் துறவி மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்து மற்றவர்களுக்குக் கற்பித்தார். லட்சாதிபதியான கட்டடக் கலைஞரிடம் தோல் வேலை கற்றுக்கொண்டவர்களில் பாரிஸ்டர் காந்தியும் ஒருவர்.

நகரத்துக்குப் போய் வருவதற்கு ஒரு நியதி இருந்தது. பண்ணைக் காரியமாகப் போகிறவர் ரெயிலில், அதுவும் மூன்றாம் வகுப்பிலேயே போகலாம். சொந்த உல்லாசத்துக்காகப் போகிறவர் நடந்தே போகவேண்டும். உணவைக் கட்டிக்கொண்டு போகவேண்டும். நகரத்தில் ஒரு காசும் செலவழிக்கக் கூடாது. பின்னிரவு இரண்டு மணிக்கு எழுந்து, இரண்டரைக்குப் புறப்பட்டு, ஆறேழு மணி நேரம் நடந்து ஜோஹான்னஸ்பர்க்கை அடைவார்கள். நான்கு மணி பதினெட்டு நிமிஷத்தில் அத்தூரத்தைக் கடந்ததே அங்கு மிக விரைவான நடையாகும். நடையைத் தண்டனையாக எண்ணாமல், யார் முந்துவது என்று இளைஞர்கள் போட்டியிட்டதாகவே தெரிகிறது.

பள்ளிக்கூடம் நடத்தப்பட்ட விதம் நம் ஆசிரியர்கள் அறியத்தக்கது. காலை முழுவதும் மண் வெட்டியும் மரம் அறுத்தும் களைத்த ஆசிரியரும் மாணாக்கரும் பகலுணவுக்குப் பின் கூடுவார்களாகையால், கண்ணிலே தண்ணீர் தெளித்துத் தூக்கத்தை விரட்ட வேண்டியிருந்தது. தமிழ்ச் சிறுவர்கள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்குத் தமிழெழுத்துத் தெரியாது. அவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர் காந்தியடிகளே! கப்பற் பிரயாணங்களிலும் சிறையிலும் போப்பையருடைய தமிழ்க் கைந்நூலை வைத்துக்கொண்டு பெற்ற ஞானம்தான் அவருக்கிருந்த மூலதனம். எழுத்தும் இலக்கணத்தின் ஆரம்பமும் அவர் கற்பித்தார். பேச்சிலோ மாணாக்கர் அவரை எளிதில் வென்றுவிடுவார்கள். ஆங்கிலமறியாத தமிழர் யாரேனும் அவரைப் பார்க்க வந்தால், காலையில் அவரிடம் திட்டு வாங்கிய பையனே மாலையில் துபாஷியாக வந்து நிற்பான். தம் அறியாமையை மறைக்காமையினாலேயே மாணாக்கரின் அன்பைத் தாம் இழக்கவில்லை என்று அவர் எழுதுகிறார். படித்தவர்க்கும் படியாதவர்க்கும் அங்கே இருந்த உறவின் தன்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி வேறில்லை.

எல்லாம் இனிமையாகவே இருந்ததென்று எழுதினால் அது சரித்திரமாகாது. இரு சிறுமிகளைச் சில பையன்கள் கேலி செய்ததை அறிந்த காந்தியடிகள், தீய பார்வை அவர்கள்மீது படாதிருக்க ஓர் அடையாளம் வேண்டுமென்று இரவெல்லாம் சிந்தித்து, அச்சிறுமிகளின் நீண்ட கூந்தலைக் கத்தரித்துவிடத் தீர்மானித்தார். சிறுமிகள் மறுத்தார்கள், மூத்த பெண்களுக்கு அவ்வெண்ணமே தாங்கவில்லை, கடைசியில் அனைவரும் இணங்க, அவர் தம் கையாலேயே கத்தரித்தார். கேலி அத்துடன் நின்றதென்று அவர் கூறுவதை நம்பலாம். ஆயினும் பையன்கள் செய்த பிழைக்குப் பெண் குழந்தைகள் கூந்தலை இழப்பது நியாயமா என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது. அடுப்பைப் பற்றிய சம்மதத்துக்கும் இந்தச் சம்மதத்துக்கும் எவ்வளவு தூரம்! முன்னதில் மறுப்பதற்கு வழி திறந்திருந்தது; பின்னதில் மறுத்தவர்களை மறுபடி மறுபடி கேட்டே இசைவு பெறப்பட்டது. ஒரு பெரியவரின் மனச்சாட்சியைச் சுற்றி அமையும் சமூகங்களுக்கெல்லாம் உள்ள அபாயம் இது.

விருந்தினரும் இந்த நியதிகளுக்குத் தப்பவில்லை. 1912-இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த இந்தியத் தலைவர் கோபாலகிருஷ்ண கோகலே, உடல் நலிவுற்றிருந்தும், ரெயில் நிலையத்திலிருந்து ஒன்றரை மைல் நடத்தியே அழைத்துவரப்பட்டார். வழியில் மழையும் குளிர் காற்றும் சேர்ந்து அவருக்கு ஜலதோஷம் கண்டது. எல்லாரும் தரையிற் படுக்கும்போது தமக்கு மாத்திரம் கட்டில் எதற்கு என்று அவர் அதனை அப்புறப்படுத்தச் சொன்னார். கால் பிடித்துவிட வந்தவர்களையும் அருகில் விடவில்லை. கஷ்டப்படுவதற்கென்றே பிறந்தவர்கள்போல நீங்கள் மட்டும் நடந்துகொள்வதாவது என்று வேடிக்கையும் கோபமும் கலந்து கடிந்துகொண்டாராம்.

இவ்வளவையும் படிக்கும்போது, இது ஏதோ ஆசிரமவாசம் என்றோ, செல்வர் ஒருவரின் விசித்திரப் பரீட்சை என்றோ தோன்றலாம். உற்று நோக்கினால் இதன் சாயல் வேறோரிடத்தில் உள்ளதென்பது புலனாகும். ஆண்கள் உடுத்தது சிறைக் கைதிகளின் உடையை ஒத்த முரட்டு நீலத் துணி. உண்டது, சிறையிற் போலவே, ஆளுக்கொரு பாத்திரத்தில், தாமே செதுக்கிய மரக்கரண்டியால். எழுவதும் உண்பதும் உறங்குவதும் மணிக்கணக்குப் பிசகாமல். சிறையிலே நிர்ப்பந்தமாயிருந்தவற்றையெல்லாம் விடுதலையாயிருக்கும்போதே விரும்பிப் பழகிக்கொள்ளும் இடமாகப் பண்ணை இருந்தது. அடைக்கலம் தேடி வந்த குடும்பங்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, அரசாங்கத்தின் கையிலிருந்த முக்கிய ஆயுதமான சிறைப் பயத்தை அங்கே மழுங்க அடித்துக்கொண்டிருந்தன. கொள்கையை நம்பி வந்தவர்கள் கொள்கை கசந்ததும் கலைந்து போவதை வேறு பண்ணைகளிற் கண்டிருக்கிறோம். தேவையினால் வந்தவர்களோ வாழ்க்கையின் மூலமாகக் கொள்கையை அடைந்தார்கள்.

இதற்கு அத்தாட்சி 1913-இல் கிடைத்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே பண்ணைவாசிகள் நேட்டாலில் காந்தியடிகள் முன்பே நிறுவியிருந்த பீனிக்ஸ் குடியிருப்புக்கு மாறிவிட்டனர். இந்து, முஸ்லிம், பார்ஸி முறைப்படி நடந்த விவாகங்கள் சட்டப்படி செல்லா என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், முன்பு பண்ணையில் வசித்திருந்த பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 11 பேர் கொண்ட அக்குழுவிற் பெரும்பாலோர் தமிழ் பேசும் பெண்கள். சிலர் இடுப்பிற் கைக்குழந்தையோடு சென்றவர்கள். உரிமைச் சீட்டின்றித் தெருவில் விற்றுப் பார்த்தார்கள், போலீஸார் பிடிக்கவில்லை. எல்லை கடந்து நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் ஒப்பந்தக் கூலிக்காலம் முடிந்த இந்தியர்மீது விதிக்கப்பட்டிருந்த தலைக்கு 3 பவுன் வரியின் கொடுமையை எடுத்துச் சொன்னார்கள். சுரங்கங்களில் வேலை நின்றது. அக்டோபர் 21-ஆம் தேதி அப்பெண்கள் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று, மாரிட்ஸ்பர்க் சிறைக்குச் சென்றார்கள்.

வேலையை நிறுத்தி வெளியேறிய தொழிலாளரைத் திரட்டிக்கொண்டு நவம்பர் 6-ஆம் தேதி காந்தியடிகள் நேட்டாலின் எல்லையூரான சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வாலுக்குள் நடைப்பயணம் தொடங்கியபோது, உடன் வந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். வழியில் எவரும் தடுக்காவிட்டால் நாளொன்றுக்கு இருபதிலிருந்து இருபத்துநான்கு மைல்வீதம் எட்டு நாள் நடந்து அவர்கள் போய்ச் சேரவேண்டிய இடம் எது? டால்ஸ்டாய் பண்ணை. வந்தவர்களைக் கொண்டே மண் குடிசைகள் எழுப்பி, நிலத்திலே உழைத்து உண்ணச்செய்து, போராட்டம் முடியுமளவும் அவர்களை அங்கே வைத்துக் காப்பது என்று காலன்பாக் ஏற்பாடு செய்திருந்தார். எழுபது எண்பது பேருக்கு ஒத்துவந்த வாழ்வு இரண்டாயிரம் பேருக்கும் ஒத்துவரும் என்று அவர்கள் நம்பினார்கள். சர்க்கார் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க விடவில்லை. நவம்பர் 10-ஆம் தேதி பால்ஃபர் நிலையத்தில் எல்லாரையும் ரெயிலேற்றி நேட்டாலுக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

காலன்பாக் 1945-இல் காலமானார். அவருடைய அஸ்தி, டால்ஸ்டாய் பண்ணை தொடங்கிய அதே 1910-ஆம் ஆண்டில் கலிலேயக் கடலோரத்தில் யூத இளைஞர் சிலர் அமைத்த டெகானியா என்னும் கூட்டுக் குடியிருப்பில் அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த வாரம் நாம் செல்லவிருப்பது அங்கேதான்.

(தொடரும்)