அந்துப்பூச்சியின் வைப்புத்தொகை

விளக்குப்பொறியில் விழுந்த அந்துப்பூச்சியின் வயிற்றை நசுக்கிப் பாருங்கள். வெண்மஞ்சளாகப் பிசுபிசுவென்று வரும். பெண்ணாக இருந்தால் முட்டை இருக்கும். மீதி பெரும்பாலும் கொழுப்பு. காய்ப்புழுவின் அந்துப்பூச்சி பூந்தேன் மட்டும்தான் குடிக்கிறது. அப்புறம் இவ்வளவு கொழுப்பு ஏது? புழுவாக இருந்தபோது நம்ம தக்காளியையும் துவரையையும் தின்று சேர்த்ததுதான். மல்பெரிப் பட்டுப்பூச்சி இன்னும் ஒருபடி மேலே. கூட்டைவிட்டு வந்தபின் வாயில் எதையும் வைக்காது. பழைய சேமிப்பிலேயே முட்டையிட்டு முடித்துவிடும்.

முப்பது வருஷம் வங்கியில் உட்கார்ந்தவனுக்கு இது வைப்புத்தொகையாகத்தான் தெரிகிறது. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கிலோ கலோரி, கொழுப்பில் 9. பறக்கிற உயிருக்குச் சுமை குறையணுமே! ஆனால் வைப்புத்தொகையை எடுக்கக் கையெழுத்து வேணும்.

அந்தக் கையெழுத்துதான் அடிப்போகைனெடிக் ஹார்மோன், அதாவது கொழுப்பை நகர்த்துவது. பூச்சி பறக்கத் தொடங்கியதும் மூளைக்குப் பின்னாலுள்ள சிறு சுரப்பி இதை இரத்தத்தில் விடுகிறது. இது போய்ச் சேர்ந்ததும் கொழுப்புத் திசு சேமிப்பை உடைத்து வெளியே தருகிறது. எண்ணெய்தான் தண்ணியில கரையாதே, இரத்தத்தில் எப்படிப் போகும்? ஒரு புரதம் வண்டியாகிறது. வங்கிக்குப் பணம் கொண்டுவரும் வேன் மாதிரி, இறக்கைத் தசையில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவந்து மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

இந்த வகை ஹார்மோனின் அமைப்பை 1976இல் வெட்டுக்கிளியில் கண்டறிந்தார்கள். 1985இல் அமெரிக்காவின் புகையிலைக் கொம்புப்புழு அந்துப்பூச்சியில். 9 அமினோ அமிலம் கோத்த குட்டிச் சங்கிலி, அவ்வளவுதான். நம்ம பச்சைக் காய்ப்புழுவுக்குப் பங்காளியான அமெரிக்க மக்காச்சோளக் காய்ப்புழுவிலும் அதே 9தான். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கொம்புப்புழுவில் புழுப் பருவத்திலும் இதே ஹார்மோன் இருக்கிறது. ஆனால் அங்கே கொழுப்பை விட்டுவிட்டு, கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை எடுத்துக் கொடுக்கிறது. கையெழுத்து ஒன்று, பருவத்துக்கு ஒரு கணக்கு!

இந்தக் கையெழுத்தைக் கள்ளமாகப் போட்டு, பூச்சியின் சேமிப்பைக் காலிசெய்து ஒழிக்கலாமே என்ற யோசனை ஆய்வாளர்களிடம் இருக்கிறது. "அந்துப்பூச்சியை மட்டும் தாக்கும் மருந்து" என்று நாளைக்கு யாராவது வாசலில் வந்து நின்றால், தேனீக்கு என்ன ஆகும் என்று கேளுங்க. தேனீ பறப்பதற்குச் சர்க்கரையைத்தான் எரிக்கிறது. ஆனாலும் அதன் உடம்பிலுள்ள ஹார்மோன், கொம்புப்புழுவினுடையதோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பூவைத் தேடி வருகிற தேனீயை இழந்துவிட்டு காயை எங்கே எதிர்பார்ப்பது?

என்னைக் கேட்டால், கணக்கே தொடங்கவிடாமல் செய்வதுதான் மலிவு. காய்ப்புழு முட்டை மூணு நாளில் பொரிந்துவிடும். இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் பூச்சி விழ ஆரம்பித்ததுமே டிரைக்கோகிரம்மா அட்டையைக் கட்டிவிடுங்கள். அந்தக் குளவி முட்டைக்குள்தான் வேலை செய்யும்; புழுவைக் கண்ணால் பார்த்தபிறகு கட்டினால் அந்தப் புழுவை அது ஒன்றும் செய்யாது. பக்கத்துக் காட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் கட்டுங்கள். சேமிப்போடு பறந்து வருகிற பூச்சிக்கு வரப்பு ஒரு பொருட்டே இல்லை.