வென்ற ஆட்டங்களில் ஒளிந்திருக்கும் பலவீனம்

கண்டி நகரிலோ கம்பளையிலோ, மலைமேல் கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலோ சதுரங்கம் ஆட விரும்பும் ஒரு பிள்ளைக்கு இன்று பலகையும் எதிராளியும் கைத்தொலைபேசிக்குள்ளேயே கிடைத்துவிடுகின்றன. 2020இல் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது உலகெங்கும் நடந்த மாற்றம் இது. பிரான்சைச் சேர்ந்த திபோ துப்ளெசி 2010இல் தொடங்கிய லிசெஸ் போன்ற தளங்களில் ஆடுவதற்கும் ஆடியதை ஆராய்வதற்கும் ஒரு சதம்கூடச் செலவில்லை. ஆடிய ஒவ்வோர் ஆட்டமும், ஒவ்வொரு நகர்வும், அதற்கு எடுத்த விநாடிகளும் அங்கே பதிவாகி நிற்கின்றன. முன்பு கிராண்ட்மாஸ்டர்களுக்கு மட்டுமே இருந்த ஆவணக் களஞ்சியம் இப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கும் உண்டு. ஆனால், பெரும்பாலானோர் அந்தக் களஞ்சியத்தில் பார்ப்பது இரண்டே விடயங்களை: ரேட்டிங் எண்ணையும், தோற்ற ஆட்டத்தில் எங்கே தவறினோம் என்பதையும். ஒருவருடைய ஆட்டப் பாணியையும் பலத்தையும் திருத்த வேண்டியதையும் அறிய இவை போதா. பலவீனத்தைத் தேட வேண்டிய முதல் இடம் தோற்ற ஆட்டங்கள் அல்ல, வென்ற ஆட்டங்கள்தாம். கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்த முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

முதலில் ரேட்டிங் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் ஈலோ வகுத்த முறையை உலகச் சதுரங்க சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது. இரண்டு பேருக்கிடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே உள்ளவர் நூறு ஆட்டங்களில் ஏறக்குறைய 76 புள்ளிகள் எடுப்பார் என்பது அதன் கணக்கு. இணையத் தளங்கள் பயன்படுத்துவது மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ முறையை. அந்த எண் எவ்வளவு உறுதியானது என்பதையும் அது சேர்த்துக் கணிக்கும். இரண்டுமே கணிப்பது ஒன்றைத்தான்: யார் யாரை வெல்லக்கூடும் என்பதை. தளம் அந்த எண்ணை வைத்தே நமக்குச் சமமான எதிராளியைத் தேடித் தருகிறது. நாம் முன்னேறினால் எதிராளியும் பலமாகிறார், பின்தங்கினால் அவரும் எளிதாகிறார். ஆகவே யாராக இருந்தாலும் வெற்றியும் தோல்வியும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதியில் வந்து நிற்கும். தவணைப் பரீட்சையின் சராசரிப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளை கணிதத்தில் பின்தங்கியதா தமிழிலா என்று சொல்ல முடியாததுபோல, இந்த எண்ணிலிருந்து ஆட்டக்காரரின் பலத்தையோ பலவீனத்தையோ பிரித்தெடுக்க முடியாது.

சமமான எதிராளி என்ற இந்த ஏற்பாட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டொரண்டோ, கோர்னெல் பல்கலைக்கழகங்களையும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் 'மாயா' என்ற செயற்கை நுண்ணறிவு நிரலை வெளியிட்டார்கள். சிறந்த நகர்வைத் தேடுவது அதன் வேலையன்று. மனிதர் எந்த நகர்வை ஆடுவார் என்று ஊகிப்பதே அதன் வேலை. லிசெஸ் ஆட்டங்களை ரேட்டிங் வாரியாகப் பிரித்து, 1100 முதல் 1900 வரை ஒன்பது நிலைகளுக்கு ஒன்பது மாயாக்களைப் பயிற்றுவித்தார்கள், ஒவ்வொன்றுக்கும் 1.2 கோடி ஆட்டங்கள். ஒவ்வொரு மாயாவும் தன் நிலையை ஒட்டிய ஆட்டக்காரர்களைத்தான் மிகச் சரியாக ஊகித்தது. அவர்களுடைய தவறுகளையும் சேர்த்துத்தான். அதாவது, தவறுகள் கண்டபடி சிதறி வருவதில்லை; ஒவ்வொரு நிலைக்கும் அதற்கே உரிய தவறுகள் இருக்கின்றன. இதைச் சமமான எதிராளி என்ற ஏற்பாட்டோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். நமக்குத் தெரியாதது பெரும்பாலும் நம் எதிராளிக்கும் தெரியாது. நாம் விட்ட பிழையை அவர் காணாமல் போகிறார், நாம் வென்றுவிடுகிறோம், பிழை அப்படியே தங்கிவிடுகிறது. தோல்வி நமக்குக் காட்டுவது எதிராளி கண்டுகொண்ட பிழைகளை மட்டும்தான்.

எளிய உதாரணம் ஒன்று. வெள்ளைக் காய்களோடு ஆடுபவர் ஈ4 என்று சிப்பாயைத் தள்ளுகிறார், கறுப்பு ஈ5 என்கிறது. உடனே வெள்ளை ராணி எச்5க்குப் பாய்கிறது; கறுப்புக் குதிரை சி6க்கு வருகிறது; வெள்ளை பிஷப் சி4இல் வந்து நிற்கிறது. அடுத்த நகர்வில் எஃப்7இல் ராஜாவை முடக்கி ஆட்டத்தை முடிக்கும் மாட் காத்திருக்கிறது. தொடக்க நிலை எதிராளி இதைக் கவனிக்காமல் மற்றக் குதிரையை எஃப்6க்கு எடுத்தால் நான்கே நகர்வில் ஆட்டம் முடிந்துவிடும். இப்படிப் பல ஆட்டங்களை வென்றவர் தம்மைத் தாக்குதல் பாணி ஆட்டக்காரர் என்று நம்பத் தொடங்குகிறார். எதிராளி மூன்றாம் நகர்வில் ஜி6 என்று சிப்பாயை வைத்து ராணியைத் துரத்தினால் நிலைமை மாறுகிறது. ராணி எஃப்3க்குப் பின்வாங்கி அதே மாட்டை மீண்டும் மிரட்டும். இப்போது கறுப்புக் குதிரை எஃப்6க்கு வந்து அந்த வழியை அடைத்துவிடும். வெள்ளையின் குதிரைக்கு மிகப் பொருத்தமான கட்டத்தில் ராணி குந்தியிருக்கிறது, கறுப்பு இயல்பாகக் காய்களை வெளியே கொண்டுவருகிறது. ராணியை அவசரப்பட்டு எடுத்தது வென்ற ஆட்டத்திலும் அதே பிழைதான். அங்கே அதைத் தண்டிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் பாணி என்பதே ஒரு மாயையா? இல்லை. அதே ஆய்வுக் குழுவினர் 2021இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பெயர் மறைக்கப்பட்ட ஒருவரின் ஆட்டங்களைக் கொடுத்து, ஆயிரக்கணக்கானோருக்குள் அவர் யார் என்று கண்டுபிடிக்கக் கணினியைக் கேட்டார்கள். ஒவ்வொருவருடைய நூறு ஆட்டங்களை முன்கூட்டியே பார்த்திருந்தால், 98 வீதம் சரியாகக் கண்டுபிடித்தது. பழகிய தொடக்க நகர்வுகளை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கும் என்று சந்தேகிக்கலாம். முதல் 15 நகர்வுகளை மறைத்த பிறகும் 86 வீதம் சரியாகச் சொன்னது. சாதாரண ஆட்டக்காரர்களை வைத்துப் பயிற்றுவித்த அதே முறை கிராண்ட்மாஸ்டர்களையும் இனங்கண்டது. ஆகவே பாணி உண்மையானது, நிலையானது, கையெழுத்தைப்போல ஆளுக்கு ஆள் வேறானது. ஆனால் அது நல்லதா கெட்டதா என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்பவரையும் அது அவ்வளவே எளிதாக அடையாளம் காணும்.

பாணி பலமாகும் இடமும் பலவீனமாகும் இடமும் எங்கே பிரிகின்றன என்பதற்கு 2016இல் வந்த ஆஷ்டன் ஆண்டர்சன், ஜோன் கிளைன்பேர்க், செந்தில் முல்லைநாதன் ஆகியோரின் ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. பலகையில் ஆறு காய்களோ அதற்குக் குறைவாகவோ எஞ்சும்போது எந்த நகர்வு சரி, எது பிழை என்பதைக் கணினி ஐயமின்றிக் கணித்து வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட நிலைகளில் இணைய ஆட்டக்காரர்கள் செய்த பிழைகளை அவர்கள் அலசினார்கள். பிழையை ஊகிக்க ஆட்டக்காரரின் ரேட்டிங்கோ கையிலிருந்த நேரமோ உதவியதைவிட, அந்த நிலை எவ்வளவு கடினம் என்பதுதான் அதிகம் உதவியது. எனவே, ஒருவர் எவ்வளவு பிழை செய்கிறார் என்பது எத்தகைய நிலைகளுக்குள் அவர் போகிறார் என்பதைப் பெரிதும் பொறுத்தது. பாணி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தத் தெரிவுதான். தாக்குதல் விரும்பி ராணிகளை மாற்றிக்கொள்ளத் தயங்குகிறார், இறுதிக்கட்டத்தைத் தவிர்க்கிறார், தவிர்ப்பதாலேயே அதைக் கற்காமல் இருக்கிறார். வெள்ளை ராஜா ஈ4இல், அதன் சிப்பாய் ஈ3இல், கறுப்பு ராஜா ஈ6இல் நிற்கும் நிலையை எடுத்துக்கொள்வோம். ஆட வேண்டியது கறுப்பு என்றால் வெள்ளைக்கு வெற்றி. வெள்ளை என்றால் ஆட்டம் சமன். மூன்றே காய்கள். எந்தக் காயை எப்போது மாற்றிக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு விடை இதுபோன்ற நிலைகளில்தான் இருக்கிறது. மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டத்தில் எதிராளியின் கடிகாரம் முதலில் விழுந்துவிட்டால், இது தெரியாது என்பதே வென்றவருக்குத் தெரியாமல் போய்விடும்.

உலகப் பட்டமே இப்படியொரு நிலையில் கைமாறியது. 2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் நடந்த பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தின் 55ஆம் நகர்வில் சீனாவின் டிங் லிரென் கோட்டையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். சென்னையைச் சேர்ந்த குகேஷ் அதை ஏற்று, அடுத்து பிஷப்களையும் மாற்றினார். எஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷுக்கு அது நிச்சய வெற்றி. 7½–6½ என்ற கணக்கில், 18 வயதில் அவர் உலக வெற்றியாளரானார். அப்போது அவருடைய பிளிட்ஸ் ரேட்டிங் நீண்ட நேர ஆட்டங்களுக்கான அவரது கிளாசிக்கல் ரேட்டிங்கைவிட நூறு புள்ளிகளுக்கும் மேல் தாழ்ந்தே இருந்தது. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் 2500 புள்ளிகளை எட்டும்வரை எஞ்சின் எனப்படும் சதுரங்கக் கணினி நிரலின் துணையின்றித் தாமே கணக்கிட்டு விடை காணும்படி பழக்கினார் என்பது பரவலாக அறியப்பட்டது. வேக ஆட்டங்களை மட்டும் வைத்து ஒருவர் குகேஷை எடைபோட்டிருந்தால், அவருடைய மிகப் பெரிய பலத்தையே காணாமல் விட்டிருப்பார்.

இதற்கு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பும்கூட. 2004இல் புரூஸ் பேர்ன்ஸ் வெளியிட்ட ஆய்வு, வழக்கமான நேரத்தில் 5 வீதத்துக்கும் குறைவாகக் கிடைக்கும் பிளிட்ஸ் ஆட்டத்தின் முடிவுகளே ஆட்டக்காரர்களின் திறன் வேறுபாட்டில் 81 வீதம் வரை விளக்கிவிடுகின்றன என்று காட்டியது. 2022 பெப்ரவரியில் இணையத்தில் நடந்த ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் போட்டியில் 16 வயது பிரக்ஞானந்தா கறுப்புக் காய்களோடு 39 நகர்வுகளில் அப்போதைய உலக வெற்றியாளர் மக்னஸ் கார்ல்சனை வென்றார். திருச்சூரின் நிகால் சரின் இணைய வேக ஆட்டங்களிலேயே உலகப் பெயர் பெற்றவர். வேகமாக ஆடுபவர் நன்றாகவும் ஆடுகிறார் என்பது உண்மைதான். ஆனால், பேர்ன்ஸின் கணக்கு பதில் சொல்வது யார் பலமானவர் என்ற கேள்விக்கு. ஒருவர் எதைத் திருத்த வேண்டும் என்பது வேறு கேள்வி. 2007இல் வான் ஹாரெவெல்டும் சகாக்களும் செய்த ஆய்வு, நிதானமாக யோசிப்பது பலம் குறைந்தவர்களுக்குப் போலவே பலமானவர்களுக்கும் முக்கியம் என்று கண்டது. வேகம் முன்பே கற்றதை எடுத்துக் காட்டும். புதிதாகக் கற்பிப்பது அதன் வேலையன்று.

எஞ்சின் இருக்கிறதே, ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாப் பிழையையும் சொல்லிவிடுமே என்பது அடுத்த மறுப்பு. சொல்லும், ஆனால் அளவுக்கு மீறிச் சொல்லும். உலக வெற்றியாளரே காண முடியாத நகர்வைத் தவறவிட்டதையும், சும்மா கிடந்த குதிரையைத் தூக்கிக் கொடுத்ததையும் ஒரே சிவப்பு நிறத்தில் காட்டும். மாயா ஆய்வின் பயன் இங்கேதான் தெரிகிறது. நம் நிலையில் எல்லோரும் செய்யும், ஆனால் 200 புள்ளி மேலே இருப்பவர்கள் செய்யாத பிழைகளைத்தான் முதலில் திருத்த வேண்டும். பிழைப் பட்டியலைத் தருவது எஞ்சினின் வேலை. அதில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பிரிப்பது ஆட்டக்காரரின் வேலை.

பிழைகள் எல்லாம் மூளையிலிருந்தே வருவதில்லை என்பதும் நியாயமான வாதம். 2020 இணைய ஒலிம்பியாட்டின் இறுதிச் சுற்றில் இணைப்பு அறுந்ததால் இந்திய அணியின் நிகாலும் திவ்யா தேஷ்முக்கும் தம் ஆட்டங்களை இழக்க, இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு அமுலில் இருந்தபோது கடிகாரம் ஓடி முடிந்த தோல்விகளை யாருடைய கணக்கில் எழுதுவது? தொழில்முறை ஆட்டக்காரர்களும் நேரில் ஆடுவதைவிட இணையத்தில் சற்றுத் தரம் குறைந்தே ஆடுகிறார்கள் என்று ஸ்டெஃபென் கூன் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். ஜேர்மனியில் நடந்த போட்டிகளை ஆராய்ந்து, அறைக்காற்றில் நுண்துகள்கள் கூடக்கூடப் பிழைகளும் கூடுவதை, அதிலும் நேர நெருக்கடியில் மேலும் கூடுவதை அவர் வேறோர் ஆய்வில் கண்டார். மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் வாகனப் புகை தேங்கும் கண்டிக்கு இது அக்கறைக்குரிய செய்தி. ஆனால் இத்தகைய காரணங்கள் ஒரு நாளை, ஓர் ஆட்டத்தைக் கெடுப்பவை. நூறு ஆட்டங்களில் ஒரே வகை நிலையில் திரும்ப வரும் பிழைக்கு மின்வெட்டைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது கடினமானதல்ல. பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களில் வென்றவற்றை எடுத்து, எஞ்சினைத் திறப்பதற்கு முன் எங்கே எதிராளி தம்மைத் தண்டித்திருக்கலாம் என்று தாமே எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினோடு ஒப்பிட்டு, பிழைகளைத் தொடக்கம், தந்திரம், காய் மாற்றம், இறுதிக்கட்டம், நேரம் என்று பிரிக்க வேண்டும். எந்தப் பிரிவு வெறுமையாகக் கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அது பலமாகவும் இருக்கலாம், தவிர்ப்பாகவும் இருக்கலாம். 2005இல் நீல் சார்னஸ் குழுவினர் கண்டதும் இதையே வலுப்படுத்துகிறது: போட்டிகளில் ஆடிய நேரத்தைவிட, தனியே அமர்ந்து தீவிரமாகப் படித்த நேரமே திறனோடு அதிகம் பொருந்தியது. பயிற்சியாளர் கிடைக்காத தோட்டப் பாடசாலைக்கும், பல பயிற்சியாளர் உள்ள நகரப் பாடசாலைக்கும் இந்தப் படிப்புக்கான மூலப்பொருள் ஒன்றுதான், அது இலவசமும்கூட. பாடசாலைச் சதுரங்கக் கழகங்கள் வாரத்தில் ஒரு நாளை வென்ற ஆட்டங்களைக் குறை காண்பதற்கென்றே ஒதுக்கினால், நகரப் பாடசாலைகளோடு உள்ள இடைவெளியில் ஒரு பகுதியைப் பணச் செலவில்லாமலே குறைக்கலாம்.