டிரிட்டிரி மட்டாங்கி தீவின் காடு மீட்பு

டிரிட்டிரி மட்டாங்கி என்பது நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், ஹவுராக்கி வளைகுடாவில் அமைந்துள்ள ஒரு சிறு தீவு ஆகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 220 எக்டேர். நூறாண்டுகளுக்கும் மேலாக மேய்ச்சல் நிலமாக இருந்த இத்தீவில், 1984 முதல் 1994 வரையான பத்தாண்டுகளில் பொதுமக்கள் ஊதியம் பெறாமல் 2,50,000-க்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டனர். தன்னார்வலர்களின் உழைப்பால் ஒரு தீவின் இயற்கைச் சூழல் மீட்கப்பட்டதற்கு எடுத்துக்காட்டாக இத்தீவு பெரிதும் பேசப்படுகிறது.

காடு அழிந்தமை

தீவில் முதலில் வாழ்ந்தவர்கள் மாவோரி மக்கள். ஐரோப்பியர் வந்த பின்னர் நிலம் கால்நடை வளர்ப்புக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. 1860களில் கலங்கரை விளக்கமும் கட்டப்பட்டது. இறுதியில், தீவின் ஏறத்தாழ 94 விழுக்காட்டு நிலப்பரப்பில் இயற்கைக் காடு இல்லாமற் போயிற்று. செங்குத்தான சில பள்ளங்களில் மட்டும் பழைய மரங்கள் எஞ்சியிருந்தன.

குத்தகை 1971-இல் முடிவுக்கு வந்தது. கால்நடைகள் அகற்றப்பட்டால் காடு தானாகவே திரும்பிவிடும் என்று அப்போது எதிர்பார்க்கப்பட்டது. இந்த எதிர்பார்ப்பு நியாயமானதே எனினும் நிறைவேறவில்லை. மேய்வதற்கு விலங்கு இல்லாததால் புல்லும் பெரணியும் அடர்ந்து வளர்ந்தன. விழுந்த விதைகள் மண்ணைத் தொட முடியவில்லை. முளைத்தவற்றுக்கும் ஒளி கிட்டவில்லை. மேலும் கியோரே எனப்படும் பசிபிக் எலி விதைகளையும் இளநாற்றுகளையும் தின்றது. ஓரிடத்தை வெறுமனே விட்டுவிடுவது எப்போதும் பாதுகாப்பு ஆகாது என்பதை இத்தீவு காட்டியது.

திறந்த காப்பகம்

அக்காலத்தில் அரிய உயிரினங்கள் வாழும் தீவுகளுக்குள் பொதுமக்களை அனுமதிக்காமல் இருப்பதே வழக்கம். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிரெய்க், நீல் மிட்செல் ஆகியோர் இதற்கு மாறான கருத்தை முன்வைத்தனர். நகரத்தவர் எளிதில் வந்து சேரக்கூடிய இத்தீவைத் திறந்து வைத்து, காடு வளர்க்கும் பணியையும் அவர்களிடமே ஒப்படைக்கலாம் என்பது அக்கருத்து.

1984-இல் கலங்கரை விளக்கம் தானியங்கி முறைக்கு மாற்றப்பட்டது. அதன் கடைசிக் காவலர் ரே வால்ட்டர் தீவிலேயே தங்கி நாற்றங்கால் பணியை ஏற்றார். விதைகள் முளைக்க வைக்கப்பட்டுக் கன்றுகள் வளர்க்கப்பட்டன. பள்ளி மாணவர்களும் பல்வேறு கழகங்களின் உறுப்பினர்களும் குடும்பங்களும் படகில் வந்து அவற்றை நட்டனர். கோடையில் மண் காய்ந்துவிடும் என்பதால் நடவு குளிர்காலத்தில் நடைபெற்றது. புல்லை விலக்கிக் குழி தோண்டிக் கன்றை நட்டு மண்ணை அழுத்தும் இந்த வேலைக்கு முன்பயிற்சி அதிகம் வேண்டியதில்லை. 1988-இல் இத்தீவின் ஆதரவாளர் சங்கம் உருவாயிற்று.

தீவு முழுவதும் மரம் நடப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ 60 விழுக்காடு காடாக்கப்பட்டது. எஞ்சிய பகுதி திறந்தவெளியை நாடும் உயிரினங்களுக்காகப் புல்வெளியாகவே விடப்பட்டது. டக்கஹே என்னும் பறக்கவியலாத பறவைக்குப் புல்வெளியே உணவிடம். இப்பறவை அற்றுப்போனதாகக் கருதப்பட்டு 1948-இல் மீண்டும் கண்டறியப்பட்டதாகும்.

மீண்டு வந்த உயிரினங்கள்

கியோரே எலிகள் 1993-இல் வானூர்தி மூலம் நச்சு இரை தூவி ஒழிக்கப்பட்டன. ஹிஹி (1995), கோக்காக்கோ (1997) ஆகிய பறவைகளும், டுவாட்டரா (2003) என்னும் ஊர்வனவும் பிற இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டன.

இவற்றுள் ஹிஹியின் நிலை தனித்தன்மை உடையது. ஒரு காலத்தில் ஹவுட்டுரு தீவில் மட்டுமே எஞ்சியிருந்த இச்சிறு பறவை மலர்த்தேனையும் பழங்களையும் உண்பது. மரப்பொந்தில் கூடு கட்டுவது. புதிதாக நட்ட காட்டில் பொந்து உள்ள முதுமரம் எங்கிருந்து வரும்? ஆகவே கூட்டுப் பெட்டிகள் பொருத்தப்பட்டன. சர்க்கரை நீர் நிரம்பிய உணவூட்டிகளும் வைக்கப்பட்டன. உணவூட்டிகளில் நோய்க்கிருமி பெருகாமல் இருக்க அவற்றை இடைவிடாது கழுவி நிரப்ப வேண்டும். மரம் நட்ட கதையில் இந்தப் பாத்திரம் கழுவும் வேலைக்குப் புகழ் குறைவுதான். பறவையின் உயிர் அதைச் சார்ந்தே உள்ளது.

வருகையாளரால் ஏற்படும் இடர்

திறந்த காப்பகத்தின் பலவீனமும் அது திறந்திருப்பதே. 2000-இல் தீவில் அர்ஜென்டினா எறும்பு கண்டறியப்பட்டது. பெருங்கூட்டமாகப் பரவிப் பிற பூச்சிகளை விரட்டும் இவ்வெறும்பு, மனிதர் கொண்டு செல்லும் பொருள்களுடன் இடம்பெயரக் கூடியது. அதனை ஒழிக்க நச்சு இரை இடுவதும் தேடுவதும் பல ஆண்டுகள் தொடர்ந்தன. கருவுற்ற ஒரு பெண் எலி பையொன்றில் ஒளிந்து வந்தாலும் பத்தாண்டு உழைப்பு வீணாகலாம். எனவே தீவுக்குச் செல்வோர் காலணியில் ஒட்டிய மண்ணையும் விதைகளையும் நீக்கி, பைகளைச் சோதித்த பின்னரே படகேற வேண்டும். தன்னார்வலர்களுக்கும் இதில் விலக்கு இல்லை.

தற்போதைய பணிகள்

பெருநடவு 1994-இல் முடிந்துவிட்டதால், தம் கையால் ஒரு மரம் நட விரும்பி வருவோருக்கு இன்று அவ்வாய்ப்பு அரிதே. பாதைகளைச் சீர்செய்தல், களை பிடுங்குதல், உணவூட்டிகளைப் பராமரித்தல், வருகையாளர்களுக்கு வழிகாட்டுதல் ஆகியனவே இப்போது தன்னார்வலர்கள் செய்யும் பணிகள். வழிகாட்டலுக்குப் பெறப்படும் கட்டணம் தீவின் பாதுகாப்புக்கே செலவிடப்படுகிறது.